பல்லுக்குப் படி தெரியாது

எனக்கு மாரடைப்பு வந்துகொண்டிருந்தபோது நான் மாவு பாக்கெட்டுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை, எண்பது பாக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த வீட்டில்தான் இட்லி இல்லை? கடலூர் புதுப்பாளையத்தில் வீட்டு முன்னறையில் கிரைண்டர் வைத்து மாவு அரைத்து விற்கிறேன். தானே புயலில் போன கரண்ட் திரும்பி வந்த கையோடு 2012-இல் ஆரம்பித்த தொழில். மகள் கல்யாணத்துக்கு நாலு நாள், அவள் பிரசவத்துக்கு ஒரு வாரம், அவ்வளவுதான் அதுவரைக்கும் போட்ட லீவு.

நாலரை மணிக்கு உளுந்து மாவை வழித்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி நிற்பது மாதிரி ஒரு பாரம். வலி என்றுகூடச் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் குமட்டல். ஏப்பம் வருவது போல இருக்கும், வராது. மாசி மாதம், விடிகாலைப் பனி, ஃபேன்கூடப் போடவில்லை, ஆனால் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அரைத்து எடுத்த மாவு எப்போதும் லேசாகச் சூடாகத்தான் இருக்கும், அன்றைக்கு ரொம்பச் சூடாகத் தெரிந்தது, தண்ணீர் விடுவதைக் குறைத்துவிட்டோமோ, மாவு கெட்டுப்போகுமே என்று பயந்தேன். மாவு சரியாகத்தான் இருந்தது. என் கைதான் ஐஸ் மாதிரி ஆகியிருந்தது.

அப்புறம் என்ன செய்தேன் என்றால், நானே எழுந்து போய் ஓமம் கொதிக்க வைத்துக் குடித்தேன். அது நிற்காமல் வாந்தியாக வந்ததும் ஒரு பாக்கெட் ஈனோ கரைத்துக் குடித்தேன். பிறகு வந்து மீதிப் பாக்கெட்டுகளுக்குச் சீல் வைத்தேன்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது, எதிர்வீட்டுக் கார் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டது, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்து, விடியற்காலையில் ஒன்றுமில்லை, வாயுதான் என்று அனுப்பினார்கள். கறிவிருந்து சாப்பிட்ட வாயு. அவருக்கு வந்த வாயுவை நாங்கள் மாரடைப்பு என்று நினைத்தோம், எனக்கு வந்த மாரடைப்பை நானே வாயு என்று நினைத்தேன். சொன்னால் இன்றைக்கும் அவர் சிரிக்க மாட்டார்.

முன்னால் போய் ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் இது புரியும். மூன்று வாரம் முன்பு, தை மாதக் கடைசியில், தங்கை மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதப்போகிறாள் என்று எல்லாருமாகத் திருவந்திபுரம் போயிருந்தோம். தேவநாத சுவாமியைச் சேவித்துவிட்டு, பேனாவையும் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஹயக்ரீவர் மலைக்கு ஏறினோம். கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், மலை என்று பெயர்தானே தவிர பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை, குழந்தைகள் ஓடியே ஏறும். பாதியில் எனக்குக் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் இறுகிக்கொண்டது. புளியங்காயைக் கடித்தால் கூசுமே, அந்த மாதிரி, ஆனால் கூச்சம் இல்லை, வலி. படியிலேயே உட்கார்ந்தேன். இரண்டு மூன்று நிமிஷத்தில் போய்விட்டது. எழுந்து ஏறினேன், மறுபடி வந்தது. உட்கார்ந்தேன், போனது.

பல்வலி என்று முடிவுகட்டி அடுத்த வாரம் பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பையன். தட்டிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், பல்லில் ஒன்றுமில்லை என்றார். பிறகு கேட்டார்: "எப்பம்மா வலிக்குது? சாப்பிடும்போதா, ஐஸ்வாட்டர் குடிச்சாலா?" இல்லப்பா, படி ஏறினா வருது, உக்காந்தா போயிடுது என்றேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பல்லுக்குப் படி தெரியாதும்மா. நீங்க போய் ஒரு ஈசிஜி எடுங்க, முடிஞ்சா நடக்க விட்டு எடுக்கிற டெஸ்டும் பாருங்க."

நான் வெளியே வந்து, பல்லைப் பார்க்கச் சொன்னால் நெஞ்சைப் பார்க்கச் சொல்கிறான், இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாம் டெஸ்ட்தான் என்று தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். எனக்கு முதன்முதலில் சரியாகச் சொன்னவர் அவர்தான். கேட்காதது என் தப்பு.

உழைப்பில் வந்து, உட்கார்ந்தால் அடங்குகிற தொந்தரவு, தாடையிலிருந்து தொப்புள் வரைக்கும் எங்கே வந்தாலும் முதல் சந்தேகம் இதயத்தின் மேல்தான் போக வேண்டும். தாடை, தொண்டை, தோள், முதுகு, ஏதாவது ஒரு கை, மேல் வயிறு, எங்கே வேண்டுமானாலும். வலியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இறுக்கம், பாரம், எரிச்சல், மூச்சு வாங்கல், எதுவாகவும் இருக்கலாம். ஏன் இப்படி இடம் மாறி வலிக்கிறது என்று பிறகு வார்டு டாக்டரிடம் கேட்டேன். இதயத்திலிருந்து வருகிற நரம்பும், கை, முதுகு, தோள் பக்கத்திலிருந்து வருகிற நரம்பும் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் போய்ச் சேருகிறதாம், சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்கே குழப்பம் வந்துவிடுமாம். குமட்டலுக்கும் அவரே காரணம் சொன்னார். எனக்கு அடைபட்டது இதயத்தின் அடிப்பக்கச் சுவருக்குப் போகிற குழாய். அந்தச் சுவர் உட்கார்ந்திருப்பது உதரவிதானத்தின் மேல், அதற்குக் கீழே இரைப்பை. அதனால்தான் அந்தப் பக்கம் அடைத்தால் பல பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களாம்.

பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது என்று சில பேர் பேசுகிறார்கள், அதுவும் தவறு. பெண்களுக்கும் அதிகமாக வருவது நெஞ்சில்தான். ஆனால் அதோடு மூச்சு வாங்குவது, குமட்டல், வியர்வை, காரணமில்லாத அசதி, முதுகுவலி, தாடைவலி என்று நாலைந்து சேர்ந்து வருவது ஆண்களைவிட நமக்கு அதிகம், நாமும் டாக்டரிடம் முதலில் அந்த நாலைந்தைத்தான் சொல்கிறோம். நெஞ்சைக் கடைசியில் சொல்கிறோம், அல்லது சொல்வதே இல்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். "முதுகுல வாயு புடிச்சிருக்கு, மாவுக் குண்டான் தூக்கறதுல சுளுக்கும் இருக்கலாம்" என்று நானே போய்ச் சொன்னேன். நோயாளியே நோயையும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கும் வசதிதானே. வாயுவுக்கு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி, மூன்று வேளை மாத்திரை. வீட்டுக்கு வந்துவிட்டோம். யார் மேலும் பழி போட நான் இதை எழுதவில்லை. அன்றைக்கு அங்கே நான் ஒரே ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம்: "ஈசிஜி எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஈசிஜி அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுவார்கள். காரணத்தைச் சொல்லாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், வியர்த்ததா, வாந்தி வந்ததா, இதற்கு முன்னால் ஏறும்போது இறங்கும்போது வந்ததா. பெயர் வைக்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஒரு ஈசிஜி நன்றாக இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வலி இருந்துகொண்டே இருந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், ட்ரோபோனின் என்கிற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதையும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பார்கள். இதய தசை அடிபட்டால்தான் அது ரத்தத்தில் ஏறும், ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது மாமியாரின் பிரஷர் மாத்திரை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஆரம்பித்தார்களே, அதில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் மாதா மாதம் வரும். அத்தைக்கு பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் "அக்கா, நீங்களும் கையை நீட்டுங்க" என்று கேட்கும். எனக்கென்னம்மா, அத்தைக்குப் பாரு, எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று போய்விடுவேன். வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட நான் கையை நீட்டவில்லை. எங்கள் வீட்டில் மாவு வாங்குகிற பாதிப் பேரின் சுகர் எத்தனை என்று எனக்குத் தெரியும், என்னுடையது தெரியாது.

அன்றைக்கு மதியம் பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் வந்தபோது நான் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நெற்றியில் கை வைத்தது. ஒன்றும் பேசாமல் கையில் பட்டையைக் கட்டியது. 90-க்கு 60. "எப்பலேர்ந்துக்கா இப்படி?" விடிகாலையிலேர்ந்து என்றேன். உடனே 108-க்குப் போன் போட்டுவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணி ஓடிவந்து, அவர் கணவருக்கு வாங்கி வைத்திருந்த சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்க வந்தார்கள். இந்தப் பெண் கையைப் பிடித்துத் தடுத்தது. "பிரஷர் ஏற்கெனவே இறங்கிக் கெடக்கு, இத வெச்சா இன்னும் விழுந்துடும், வேணாங்க."

இதை நிறைய வீடுகளில் தெரிந்துகொள்ள வேண்டும். சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரித்துவிடும், பிரஷர் இறங்கும். பிரஷர் குறைவாக இருப்பவர்களுக்கு, அதுவும் இதயத்தின் வலப்பக்கமும் அடிபட்டிருந்தால், அது ஆபத்தாகவே முடியலாம். டாக்டர் உங்களுக்கென்று எழுதிக் கொடுக்காமல் அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். ஆஸ்பிரின் வேறு கதை. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கச் சொல்வார்கள், ஆனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், வயிற்றுப்புண்ணில் ரத்தம் போனவர்கள், பக்கவாத அறிகுறி இருப்பவர்கள் எல்லாம் எடுக்கக் கூடாது, அதனால் 108-இல் பேசுகிறவரிடமே கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. விடாமல் இருமினால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவதும் கூடாது. நான் காலையில் போனேன், பிழைத்தது அதிர்ஷ்டம். மயக்கம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்க மெஷின் இல்லை.

அரசு மருத்துவமனையில் இறக்கியதும் நேராக ஈசிஜி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு தம்பி, இருபத்தைந்து வயசு இருக்கும். "ரவிக்கை ஊக்கைக் கழட்டுங்கம்மா." நான் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மேலே இந்தக் கூத்து, தாலியில் கோத்திருந்த ஊக்குகளும் வரவு செலவு எழுதும் பேனா மூடியும் வேறு தொங்குகிறது. உயிர் போகிற நேரத்தில் இந்தப் பொம்பளைக்கு வெட்கத்தைப் பார் என்று உங்களுக்குத் தோன்றும், ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் கை போகிறது. ஒரு நர்ஸ் வந்து கதவைச் சாத்தி, மேலே ஒரு துணியைப் போட்டு, துணிக்கு அடியிலேயே ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். முடிந்தது. இடது மார்புக்குக் கீழே சரியான இடத்தில் ஒட்டினால்தான் படம் சரியாக வரும், வெட்கப்பட்டு மேலேயே ஒட்டச் சொன்னால் தப்பாகக் காட்டலாம். பெண் ஊழியர் வேண்டும், ஒரு துணி வேண்டும் என்று கேட்கலாம், கேட்க உரிமை இருக்கிறது. ஆள் வரும்வரை ஈசிஜியே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாரடைப்புச் சந்தேகத்தோடு வருபவருக்கு வந்த பத்து நிமிஷத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி, நான் சேலையைப் பிடித்துக்கொண்டே அதில் மூன்று நிமிஷத்தைத் தின்றேன்.

காகிதத்தைப் பார்த்த டாக்டர் கேட்டது "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்பதுதான். அதற்குப் பிறகு வந்த எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். நாலரை என்றேன். அப்போது ஒன்றேகால். அவர் விரலை மடக்கி எண்ணினார். கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். மாத்திரைகளை ஒரு கையளவு விழுங்கச் சொன்னார்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்கள். இந்த ஊசி பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் போடுவார்கள்தான், ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கரைகிற மாதிரி பிறகு கரையாது, கட்டி இறுகிப்போகும், அதற்குள் தசையும் செத்துக்கொண்டே போகும்.

அந்த மாத்திரைகளைப் பற்றி ஒன்று. 2023-இல் தமிழக அரசு இதயம் காப்போம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் தவணையாக ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எனக்கு இது அப்போது தெரியாது. கிராமத்தில் இருப்பவர்கள் பக்கத்து சுகாதார நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். இந்த ரோட்டில் எத்தனை தடவை துணி எடுக்கப் போயிருக்கிறேன், ஆம்புலன்சில் மல்லாந்து படுத்தபடி போகும்போது எந்த ஊர் வருகிறது என்று ஸ்பீட் பிரேக்கரை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை சாயங்காலம், பாலம் தாண்டினால் வரிசையாக ஒயின்ஷாப், நம்ம ஊர்க்காரர்கள் வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கும். சைரன் போட்டும் நகரவில்லை. டிரைவர் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினது இன்னும் காதில் கேட்கிறது. அந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மாநிலம் மாறுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை உண்டு, சரி, அது புதுச்சேரியில் எந்த மருத்துவமனையில் செல்லும், எதில் செல்லாது என்று எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு ராத்திரி கவுன்டர் கவுன்டராக அலைந்தார். இதைச் சாதாரண நாளில் விசாரித்து வையுங்கள். புதுச்சேரியில் இருக்கிற மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய பலம், ஆனால் எங்கே கொண்டுபோவது என்பதை ஆம்புலன்ஸ் ஏறிய பிறகு யோசிக்கக் கூடாது. ஆதார், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து ஒரே பையில் போட்டு ஆணியில் மாட்டுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மஞ்சள் பை ஒன்று காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

மறுநாள் காலை ஆஞ்சியோ, அதாவது இதயத்தின் ரத்தக்குழாய்களைப் படம் பிடித்துப் பார்ப்பது. மணிக்கட்டு வழியாகத்தான் என்றார்கள். கண்ணாடி வளையல் கழலவில்லை, கை வீங்கியிருந்தது. நர்ஸ் துணியைச் சுற்றி உடைத்து எடுத்தார்கள். அத்தை வெளியே அழுதாராம், என் உயிருக்காக இல்லை, வெறுங்கையோடு உள்ளே போகிறாளே என்று. வலது பக்கக் குழாயில் 95 சதவீதம் அடைப்பு, குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தின் பங்கு, 40 சதவீதம். நல்லபடியாக இருந்தால் 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். மீதி அந்த ஒன்பது மணி நேரத்தில் போனது.

வார்டில் டாக்டர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. "பிரசவத்தப்போ சுகர், பிரஷர் இருந்துதாம்மா?" இரண்டாவது பையன் வயிற்றில் இருந்தபோது சுகர் இருந்தது, பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள், போய்விட்டது, அதோடு மறந்துவிட்டோம். அவர் தலையாட்டினார். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னால் சர்க்கரை நோயும் இதய நோயும் வர வாய்ப்பு அதிகம், ஆயுசுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்றார். கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்களுக்கும், குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதே கதைதான். "மாதவிடாய் எந்த வயசுல நின்னுது?" பெரும்போக்கு என்று 42 வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை போனால் அதோடு ஒரு பாதுகாப்பும் போய்விடுகிறதாம். இதையெல்லாம் எடுக்கும்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு படபடப்பு என்றாலும் வியர்வை என்றாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "அதான் கர்ப்பப்பை எடுத்தவளாச்சே." எனக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. மாதவிலக்கு நின்றது, மாவுக் குண்டான், வாயு, பல். இதயத்துக்கு இடமே இல்லை.

என் சுகர் அன்றைக்கு 260. எத்தனை வருஷமாக அப்படி இருந்ததோ.

பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண், 44 வயது. ட்ரோபோனின் ஏறியிருந்தது, ஆனால் ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. அதைக் கேட்டதும் அந்தக் கணவர், "ஒண்ணுமில்லையாம், சும்மா பயமுறுத்திட்டா" என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். டாக்டர் அவரை நிற்கவைத்துச் சொன்னார்: ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள்தான், அதிலிருந்து பிரிகிற நுண்ணிய குழாய்களில் கோளாறு இருந்தால் தெரியாது, குழாய் திடீரென்று இறுகிப் பிறகு விட்டுவிட்டாலும் தெரியாது, இது பெண்களுக்குத்தான் அதிகம், மாத்திரை கட்டாயம் வேண்டும். அடைப்பு இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. அவர் முகம் மாறவில்லை, ஆனால் போனை வைத்துவிட்டார். அடுத்த அறையில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, சின்ன வயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் வந்து வால்வு சுருங்கிப்போனது பிள்ளை உண்டான பிறகுதான் தெரிந்ததாம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. முதல் வாரம் பழத்தோடு வந்தார்கள், இரண்டாவது வாரம் மருதம்பட்டையும் பூண்டுப்பாலும் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் மாவு எப்போது அரைப்பீர்கள் என்று கேட்டார்கள். சும்மா உட்கார்ந்தால் அழுகை வரும். குளிக்கப் போனால் கதவைத் தாழ்ப்பாள் போட பயம். இதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, மூன்றாவது மாதம் தற்செயலாகச் சொன்னேன், மாரடைப்புக்குப் பிறகு நிறைய பேருக்கு, பெண்களுக்கு இன்னும் அதிகமாக, மனச்சோர்வு வரும், அதற்கும் சிகிச்சை உண்டு என்றார். மூன்று மாதம் சும்மா அழுதிருக்கிறேன்.

ரத்தம் உறையாமல் இருப்பதற்கான இரண்டு மாத்திரையை ஒரு வருஷம் நிறுத்தவே கூடாது என்றார்கள். நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளும். கார்த்திகை சோமவாரம் விரதம், வெறும் வயிறு, அன்றைக்கு ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டேன். டாக்டர் சாமியை விட்டுக்கொடுக்காமல், என்னையும் விட்டுக்கொடுக்காமல், "ரெண்டு இட்லி சாப்டுட்டு விரதம் இருங்கம்மா" என்றார். நடுவில் உண்மையிலேயே ஒரு பல் ஆடியது. அதே பல் டாக்டரிடம்தான் போனேன். மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும், இதய டாக்டரைக் கேட்காமல் கைவைக்க மாட்டேன், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டும் வராதீர்கள் என்றார். நான் அவரைப் பற்றிச் சிரித்ததை அவரிடமே சொன்னேன்.

சாப்பாட்டில் எனக்குக் கஷ்டமாக இருந்தது எண்ணெய் இல்லை, உப்பு. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராமுக்குள், எல்லாம் சேர்த்து. கடலூரில் பிறந்துவிட்டுக் கருவாடு இல்லாமலா? ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் குறையும், போய்விடாது. இப்போது மாதத்துக்கு ஒரு நாள். மாவிலும் உப்புப் போடுவதை நிறுத்தினேன், உங்கள் வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதி ஒட்டினேன். உப்பில்லாத மாவு சித்திரை வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், அதனால் நாலைந்து வாடிக்கையாளர்கள் போனார்கள். போகட்டும். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறேன், ஆரம்பத்தில் ஆறு நிமிஷம், இப்போது அரை மணி. மணலில் இல்லை, ரோட்டில். மணலில் மூச்சு வாங்குகிறது. மகளுக்கு மசக்கையிலேயே பிரஷர் ஏறியிருந்தது, அவளுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை நானே போன் போட்டு அளவைக் கேட்டுக் காலண்டரில் குறிக்கிறேன். எரிச்சல்படுகிறாள்.

மாவு வாங்க வருகிறவர்களையும் நான் விடுவதில்லை. போன மாதம் இரண்டாவது தெரு அக்கா ஒருவர், தோள்பட்டை குடைகிறது, தண்ணீர்க் குடம் தூக்கினதில் பிடித்துக்கொண்டது என்றார். ஏறும்போது வருகிறதா, உட்கார்ந்தால் போகிறதா, வியர்க்கிறதா என்று பல் டாக்டர் கேட்ட மாதிரி கேட்டேன். மாடி ஏறினால் கொஞ்சம் வருகிறது என்றார். நான் பண்ணிய ரகளையில் அன்றைக்கே போய் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட்டு வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, தோள்பட்டை மூட்டு தேய்மானம்தானாம். ராத்திரி ஏழு மணிக்கு வந்து, "உன் பேச்சைக் கேட்டு ஆயிரத்து முந்நூறு ரூபா போச்சு, ஆட்டோவுக்கு வேற" என்று வாசலில் நின்று திட்டினார். திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த தடவை வந்தா ஒப்பிட்டுப் பாக்க வேணும் என்றேன். அதற்கும் ஒரு திட்டு. பிறகு இரண்டு பாக்கெட் மாவு கேட்டார், கொடுத்தேன், காசு வாங்கவில்லை.